நிறுவனம் கைமாறும்போது கடல்மேல் நிற்கும் எண்ணெய் மேடைக்கு என்ன ஆகிறது?

மும்பைக்கு வடமேற்கே, அரபிக்கடலில், தப்தி என்றொரு எரிவாயு வயல் இருந்தது. 1994 டிசம்பரில் இந்திய அரசு அந்த வயலையும் பன்னா, முக்தா என்ற எண்ணெய் வயல்களையும் 25 ஆண்டுக் கால ஒப்பந்தங்களின்படி மூன்று நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. ஓ.என்.ஜி.சி.க்கு 40 சதவீதம், ரிலையன்ஸுக்கு 30 சதவீதம், அமெரிக்காவின் என்ரானுக்கு 30 சதவீதம் என்பது பங்கீடு. 2001 டிசம்பரில் என்ரான் திவாலானது. சில வாரங்களில், 2002 பிப்ரவரியில், பிரிட்டனின் பி.ஜி. குழுமம் அந்தக் கடைசி 30 சதவீதத்தை ஏறத்தாழ 35 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. 14 ஆண்டுகள் கழித்து, 2016 பிப்ரவரி 15 அன்று, பி.ஜி. முழுவதையும் ஷெல் வாங்கித் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அந்த இணைப்பின் மதிப்பு 5,000 கோடி டாலருக்கும் மேல். ஷெல்லின் கண் அதில் பெரும்பாலும் பிரேசிலின் ஆழ்கடல் எண்ணெயின் மீதும் திரவ எரிவாயு வணிகத்தின் மீதும்தான் இருந்தது. ஆனாலும் தப்தியின் 30 சதவீதமும் அந்த மூட்டைக்குள்ளேயே வந்து சேர்ந்தது.

இத்தனை கைமாற்றங்களின்போதும் மேடைகள் நின்ற இடத்திலேயே நின்றன. கிணறுகளின் அழுத்தத்தை அன்றாடம் அளக்க வேண்டியிருந்தது. துருவைச் சுரண்டி வண்ணம் பூச வேண்டியிருந்தது. ஹெலிகாப்டரில் ஆட்கள் வந்து போக வேண்டியிருந்தது. நிறுவன இணைப்புகளைப் பற்றிய செய்திகளில் விலையும் பங்குச் சந்தையும்தான் பேசப்படுகின்றன. கடலுக்குள் நிற்கும் அந்த இரும்பையும் அதன்மேல் வேலை செய்யும் மனிதர்களையும் அந்தக் கைமாற்றத்தின் ஊடாகப் பாதுகாப்பாகக் கொண்டுசெல்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில், இங்கே சொத்து என்பது எது என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கடலடியில் உள்ள எண்ணெயும் வாயுவும் நிறுவனத்துக்குச் சொந்தமானவை அல்ல. இந்தியா, பிரிட்டன் உள்ளிட்ட பெரும்பாலான நாடுகளில் அவை அரசுக்கே உரியவை. நிறுவனத்திடம் இருப்பது ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு அவற்றைத் தேடி எடுக்கும் உரிமம் மட்டுமே. அந்த உரிமத்தைச் சுற்றித்தான் மற்றவை எல்லாம் அமைகின்றன: தோண்டிய கிணறுகள், மேடைகள், கடலடிக் குழாய்கள், நிலநடுக்க அலைகளைக் கொண்டு எடுத்த நிலத்தடித் தரவுகள், வாயுவை வாங்குவோருடன் செய்த ஒப்பந்தங்கள், வாடகைக் கப்பல்கள், பயிற்சி பெற்ற ஆட்கள். இவற்றோடு, கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் சேர்ந்தே வருகிறது. வயல் வற்றியதும் கிணறுகளைச் சிமெண்ட் இட்டு நிரந்தரமாக அடைத்து, மேடையைக் கழற்றி அகற்ற வேண்டிய கடமைதான் அது. வாங்குபவர் கணக்கில் வரவாகத் தெரியும் வயலுக்குள்ளேயே இந்தச் செலவும் பல ஆண்டுகளுக்குப் பிறகு எழுந்து நிற்பதற்காகக் காத்திருக்கிறது.

ஒரு வயலில் உள்ள பங்கு இரண்டு வழிகளில் கைமாறலாம். நம் ஊரில் நிலம் வாங்குவதை வைத்து இதை விளங்கிக்கொள்ளலாம். ஒருவரிடமிருந்து ஒரு சர்வே எண்ணை மட்டும் கிரயப் பத்திரம் எழுதி வாங்குவது ஒரு வழி. அந்த நிலத்தின் பெயரில் இருக்கும் கம்பெனியையே வாங்கிவிடுவது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் பட்டாவில் பெயர் மாறுவதில்லை. நிலம் அதே கம்பெனியின் பெயரில்தான் தொடர்கிறது, கம்பெனியின் முதலாளிதான் மாறுகிறார். என்ரானிடமிருந்து பி.ஜி. வாங்கியது இப்படித்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்த என்ரானின் இந்தியத் துணை நிறுவனத்தையே அது வாங்கி, அதற்குப் பி.ஜி.யின் பெயரைச் சூட்டியது. ஷெல் வந்தபோதும் அதே நிறுவனம்தான் பங்கை வைத்திருந்தது. அதற்கு மேலே இருந்த தலைமைதான் மாறியது.

கம்பெனியையே வாங்கும்போது அதன் வரவுகளோடு வில்லங்கங்களும் மிச்சமின்றி உடன் வருகின்றன. வயலில் போட்ட செலவுகளை அதன் வருமானத்திலிருந்து எவ்வளவு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது உள்ளிட்ட கேள்விகளில் இந்திய அரசுக்கு எதிராகப் பி.ஜி.யும் ரிலையன்ஸும் 2010 டிசம்பரில், நீதிமன்றத்துக்கு வெளியே தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் தீர்ப்பாயத்தில் ஒரு வழக்கைத் தொடங்கியிருந்தன. 2016-இல் பி.ஜி.யை வாங்கிய ஷெல்லுக்கு அந்த வழக்கும் சேர்ந்தே வந்தது. வயலை மட்டும் தனியாக வாங்குபவர் எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு வரியாகப் பேரம் பேச முடியும். அதற்கு விலையாக, ஒவ்வொரு உரிமத்துக்கும் ஒவ்வொரு குழாய் ஒப்பந்தத்துக்கும் தனித்தனியே ஒப்புதல் பெற்றாக வேண்டும்.

தப்தியின் வரலாற்றில் தொடக்க வாசகர்கள் அவசியம் கவனிக்க வேண்டிய இன்னொரு நிகழ்வும் உண்டு. கடல் வயல்களில் பெரும்பாலும் பல நிறுவனங்கள் கூட்டாகப் பங்கு வைத்திருக்கும். ஆனால் அவற்றுள் ஒன்றுதான் அன்றாட வேலையை நடத்தும். அதை இயக்குநர் நிறுவனம் என்பார்கள். என்ரான் அந்தப் பொறுப்பில் இருந்தது. அதன் பங்கை வாங்கியதால் அந்தப் பொறுப்பும் தனக்கே வரும் என்று பி.ஜி. எதிர்பார்த்தது. பங்காளிகளான ஓ.என்.ஜி.சி.யும் ரிலையன்ஸும் அதை ஏற்கவில்லை. முடிவில் மூன்று நிறுவனங்களும் கூட்டாக இயக்குவது என்று ஏற்பாடாயிற்று. பங்கைப் பணம் கொடுத்து வாங்கலாம். இயக்கும் பொறுப்பு பங்காளிகளின் சம்மதத்தோடும் அரசின் சம்மதத்தோடும்தான் வரும். இணைப்பு அறிவிக்கப்படும் முன்பே இந்தக் கேள்விக்கு விடை தேடாத நிறுவனம், வாங்கிய பின் தன் சொந்த வயலிலேயே முடிவெடுக்க முடியாமல் நிற்க நேரிடும்.

பங்காளிகளின் உரிமை எவ்வளவு வலிமையானது என்பதற்கு அண்மைய சான்று தென் அமெரிக்காவின் கயானாவில் உள்ளது. அந்நாட்டுக் கடலில் ஸ்டாப்ரூக் என்ற பகுதியில் 2015-இல் பெரும் எண்ணெய் வளம் கண்டறியப்பட்டது. அதில் எக்ஸான்மொபிலுக்கு 45 சதவீதம், ஹெஸ் நிறுவனத்துக்கு 30 சதவீதம், சீனாவின் சி.என்.ஓ.ஓ.சி.க்கு 25 சதவீதம். 2023 அக்டோபரில் செவ்ரான் நிறுவனம் ஹெஸ் முழுவதையும் சுமார் 5,300 கோடி டாலர் மதிப்பில் வாங்கப்போவதாக அறிவித்தது. ஹெஸ்ஸின் சொத்துகளில் மணிமுடி போன்றது இந்த 30 சதவீதம்தான். பூர்வீகச் சொத்தை விற்கும்போது முதலில் பங்காளியிடம் கேட்க வேண்டும் என்று நம் கிராமங்களில் சொல்வார்களே, அதையொத்த ஒரு விதி கடல் வயல்களின் கூட்டு இயக்க ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும். ஒரு பங்காளி தன் பங்கை வெளியாருக்கு விற்க முற்பட்டால், அதே விலைக்கு வாங்கிக்கொள்ளும் முதல் உரிமை மற்றப் பங்காளிகளுக்கு உண்டு. அந்த உரிமை தங்களுக்கு இருப்பதாக எக்ஸானும் சி.என்.ஓ.ஓ.சி.யும் வாதிட்டன. நாங்கள் பங்கை விற்கவில்லை, எங்கள் நிறுவனம் முழுவதும் இன்னொன்றுடன் இணைகிறது, ஆகவே அந்த விதி இங்கே பொருந்தாது என்பது ஹெஸ், செவ்ரான் தரப்பின் வாதம். மேலே சொன்ன இரண்டு வழிகளுக்கும் இடையிலான வேறுபாடுதான் வழக்கின் உயிர்நாடி. 2025 ஜூலையில் நடுவர் தீர்ப்பாயம் ஹெஸ் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஜூலை 18 அன்று இணைப்பு நிறைவேறியது. அறிவிப்புக்கும் நிறைவுக்கும் இடையே ஏறத்தாழ 21 மாதங்கள் ஓடிவிட்டன. ஒரு ஒப்பந்தத்தின் ஒரே ஒரு பிரிவை எப்படிப் படிப்பது என்பதற்காகப் பல லட்சம் கோடி ரூபாய் மதிப்புள்ள வணிகம் அவ்வளவு காலம் காத்திருந்தது.

இந்தக் காத்திருப்புக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொதுவாக ஒரு கடல் வயலின் விற்பனையில் இரண்டு தேதிகள் உண்டு. முதலாவது, எந்த நாளிலிருந்து வயலின் வரவும் செலவும் வாங்குபவரின் கணக்கில் சேரும் என்று விலை பேசும்போதே குறிக்கப்படும் கணக்குத் தேதி. இரண்டாவது, அரசும் பங்காளிகளும் ஒப்புதல் தந்து, பணம் கைமாறி, உரிமம் உண்மையில் மாறும் நிறைவுத் தேதி. பி.ஜி.யை வாங்கியதால் ஏறிய கடனைக் குறைக்க ஷெல் 3,000 கோடி டாலர் அளவுக்குச் சொத்துகளை விற்கத் திட்டமிட்டது. அதில் ஒரு பகுதியாக 2017 ஜனவரியில் பிரிட்டனை ஒட்டிய வட கடலில் உள்ள தன் வயல்களில் ஒரு பெரிய தொகுதியைக் கிரைசார் என்ற நிறுவனத்துக்கு 380 கோடி டாலர் வரையிலான விலைக்கு விற்பதாக அறிவித்தது. அதன் கணக்குத் தேதி 2016 ஜூலை 1. விற்பனை நிறைவேறியதோ 2017 நவம்பர் 1 அன்று. இடைப்பட்ட 16 மாதங்களில் வயல்களின் லாப நட்டம் கணக்கின்படி கிரைசாருக்கு உரியது. ஆனால் சட்டப்படி அவை ஷெல்லின் கையில்தான் இருந்தன.

விற்கப்போகும் வீட்டுக்கு யாரும் வெள்ளையடிக்க மாட்டார்கள் என்பது மனித இயல்பு. கடல் மேடையில் அந்த இயல்பு ஆபத்தானது. ஒரு வால்வை மாற்றுவதை ஆறு மாதம் தள்ளிப்போட்டால் விற்பவருக்குச் செலவு மிச்சம். துருப்பிடித்த குழாய் வாங்குபவரின் காலத்தில் வெடிக்கலாம். வாங்குபவர் தலையிட்டு உத்தரவிடவும் முடியாது. போட்டிச் சட்டங்களின்படி, ஒப்புதல் கிடைக்கும்வரை இரண்டும் தனித்தனி நிறுவனங்களாகவே நடந்துகொள்ள வேண்டும். விலை, ஏலம் போன்ற வணிக இரகசியங்களைப் பகிர்ந்துகொள்வதுகூடக் குற்றமாகலாம். ஆகவே இடைக்காலத்தில் விற்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே விரிவாக எழுதிவைக்கிறார்கள்: திட்டமிட்ட பராமரிப்பை நிறுத்தக் கூடாது, குறிப்பிட்ட தொகைக்கு மேல் புதிய செலவுக்கோ ஒப்பந்தத்துக்கோ வாங்குபவரின் இசைவைப் பெற வேண்டும், விபத்து, கசிவு, பெரும் பழுது எதுவானாலும் உடனே தெரிவிக்க வேண்டும். இந்தப் பக்கங்களை வழக்கறிஞர்கள் மட்டும் எழுதுவது போதாது என்பது என் உறுதியான கருத்து. மேடையைப் பராமரிக்கும் பொறியாளர் பக்கத்தில் அமர்ந்து, எந்தப் பணியைத் தள்ளிப்போடவே கூடாது என்று பெயர் சொல்லிப் பட்டியலிட வேண்டும்.

வாங்குவதற்கு முன் நடக்கும் ஆய்விலும் அதே பொறியாளருக்குத்தான் முக்கிய இடம். வீடு வாங்குபவர் வில்லங்கச் சான்றிதழைப் பார்ப்பதுபோல் உரிமங்களையும் வழக்குகளையும் கடன்களையும் ஒரு குழு பார்க்கிறது. நிலத்தடியில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை இன்னொரு குழு தரவுகளிலிருந்து தானே மறுபடி கணக்கிடுகிறது. மூன்றாவது குழு பார்ப்பது இரும்பை: குழாய்ச் சுவரின் தடிமன் எவ்வளவு குறைந்திருக்கிறது, கிணற்றுக் குழல்களுக்கு இடையே அழுத்தம் ஏறுகிறதா, மேடையின் கால்களைச் சுற்றிக் கடலடி மண் அரிக்கப்பட்டிருக்கிறதா, பாதுகாப்புக் கருவிகளின் சோதனைகளில் எத்தனை கெடு தாண்டி நிற்கின்றன. இதில் கடைசிக் கேள்வி எளிமையானது. ஆனால் ஒரு மேடை எப்படி நடத்தப்பட்டிருக்கிறது என்பதை அதைப்போல் வெளிச்சமாகக் காட்டும் கேள்வி வேறில்லை.

அகற்றும் செலவுக்கு வருவோம். ஷெல்–கிரைசார் விற்பனையில் அந்த வயல்களை முழுவதும் அகற்ற ஆகும் செலவு 390 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. அதாவது விலையைவிட அகற்றும் செலவு சற்றே அதிகம். இதில் 100 கோடி டாலரை ஷெல் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொள்ள இசைந்தது. விற்றுவிட்ட ஒருவர் ஏன் இதற்கு இசைய வேண்டும் என்று புதியவர்கள் வியக்கலாம். பேரத்தை முடிப்பதற்காக என்பது பாதி விடை. மறுபாதி பிரிட்டனின் 1998-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டத்தில் இருக்கிறது. அதன்படி, அகற்றும் கடமை இப்போதைய உரிமையாளரால் நிறைவேற்றப்படாவிட்டால், முன்பு பங்கு வைத்திருந்த நிறுவனங்களையும் அரசு திரும்ப அழைத்துப் பொறுப்பாக்க முடியும். விற்றவர் தலையிலிருந்து சுமை முழுவதும் இறங்குவதே இல்லை. எனவே வாங்குபவர் பிற்காலத்தில் பணமின்றி நிற்கக் கூடாதே என்ற கவலை விற்பவருக்கும் உண்டு. வங்கி உத்தரவாதமோ தனி வைப்பு நிதியோ கேட்பது அதனால்தான். இந்தியாவில் இத்தகைய செலவுக்கென நிறுவனங்கள் முன்கூட்டியே பணம் ஒதுக்கிவைக்க 1999-ஆம் ஆண்டின் தள மீட்பு நிதித் திட்டம் வழிசெய்கிறது.

அப்படி ஒரு திரும்ப அழைக்கும் விதி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை ஆஸ்திரேலியா கண்டது. டிமோர் கடலில், டார்வின் நகருக்கு வடமேற்கே சுமார் 550 கிலோமீட்டர் தொலைவில், நார்தர்ன் எண்டவர் என்ற மிதக்கும் உற்பத்திக் கப்பல் 1999 முதல் லாமினேரியா, கோரலினா வயல்களின் எண்ணெயை எடுத்துவந்தது. வயல்கள் முதுமை அடைந்த நிலையில், 2016-இல் வுட்சைடு நிறுவனம் அவற்றைக் கப்பலோடு சேர்த்து ஒரு சிறு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2019 ஜூலையில், துருவால் ஏற்பட்ட பாதுகாப்புக் குறைகளுக்காக, கடல் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பு உற்பத்தியை நிறுத்த ஆணையிட்டது. வருவாய் நின்றதும் அந்தச் சிறு நிறுவனம் தாங்கவில்லை. 2020 பிப்ரவரியில் கலைக்கப்படும் நிலைக்குச் சென்றது. கப்பலையும் கிணறுகளையும் பாதுகாக்கும் வேலை அரசின் தலையில் விழுந்தது. அந்தச் செலவை மீட்க, ஆஸ்திரேலியக் கடலில் எண்ணெய், வாயு எடுக்கும் எல்லா நிறுவனங்கள் மீதும் பீப்பாய்க்கு 48 சென்ட் வீதம் 2022-இல் வரி விதிக்கப்பட்டது. முன்னாள் உரிமையாளர்களைத் திரும்ப அழைக்கும் அதிகாரமும் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. பெரிய நிறுவனத்திடமிருந்து சிறிய நிறுவனத்துக்கு வயல் போவதே தவறு என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. முதிர்ந்த வயல்களில் சிக்கனமாக எண்ணெய் எடுப்பதில் சிறிய நிறுவனங்கள்தான் பெரும்பாலும் திறமையானவை. வாங்குபவரிடம் ஒரே ஒரு வயல்தான் இருக்கிறதா, அது ஓராண்டு நின்றுபோனால் அவரால் தாங்க முடியுமா என்ற கேள்வியை ஒப்புதல் தரும் அரசு கேட்டாக வேண்டும் என்பதே இதிலுள்ள பொருள்.

இனி, ஒப்படைப்பு நாள். இதைப் பற்றிப் பேசும்போது 1988 ஜூலை 6-ஐ நினைக்காமல் இருக்க முடியாது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்கு வடகிழக்கே வட கடலில் நின்ற பைப்பர் ஆல்பா மேடையில் பகல் பணிக்குழு ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தது. அந்த இடத்தில் ஒரு மூடுதட்டு மட்டும் பொருத்தப்பட்டிருந்தது. வால்வு கழற்றப்பட்டிருந்த செய்தி இரவுக் குழுவுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றுபோனபோது இரவுக் குழு இந்தப் பம்பை இயக்க முற்பட்டது. வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் உயிரிழந்தனர். அங்கே நிறுவனம் எதுவும் கைமாறவில்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே மேடையில், ஒரு பணிக்குழுவிலிருந்து அடுத்த பணிக்குழுவுக்கு எந்தக் கருவியில் என்ன வேலை நடக்கிறது என்று குறிக்கும் பணி அனுமதிச் சீட்டு ஒன்றின் செய்தி போய்ச் சேராததுதான் அந்தப் பேரழிவுக்குத் தொடக்கம். அப்படியானால் பல்லாயிரம் வரைபடங்களும் சோதனை அறிக்கைகளும் அனுமதிச் சீட்டுகளும் ஒரு நிறுவனத்தின் கணினியிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் கணினிக்கு மாறும் நாளில் எவ்வளவு கவனம் வேண்டும்!

ஆகவே நல்ல ஒப்படைப்புகளில் நள்ளிரவுக்குப் பின் மேடையில் ஒன்றும் மாறியதாகவே தெரியக் கூடாது என்று திட்டமிடுகிறார்கள். மேடையின் தலைவரும் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களும் அதே ஆட்களாக இருப்பார்கள். அவர்கள் புதிய நிறுவனத்தின் ஊழியர்களாக மாற்றப்பட்டிருப்பார்கள், அவ்வளவுதான். பணி அனுமதி முறை அன்றே மாற்றப்படாது. பழைய முறையிலேயே சில மாதங்கள் ஓடவிட்டு, பயிற்சிக்குப் பின் மாற்றுவார்கள். கணக்கு, பராமரிப்பு மென்பொருள் போன்றவற்றை விற்பவரே ஓராண்டு வரை கட்டணம் பெற்று நடத்தித் தருவதும் உண்டு. நெருக்கடி நேரத்தில் யாரை அழைப்பது என்ற எண் மட்டும் அந்த நிமிடமே மாற வேண்டும். மாறிவிட்டதா என்பதை ஒத்திகை நடத்திப் பார்த்துவிட வேண்டும். பைப்பர் ஆல்பாவுக்குப் பின் பிரிட்டனில் ஒவ்வொரு மேடைக்கும், அதன் ஆபத்துகளையும் அவற்றைக் கட்டுப்படுத்தும் வழிகளையும் விளக்கும் பாதுகாப்பு அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. மேடையை நடத்தப்போகும் நிறுவனம் மாறும்போது அந்த அறிக்கையும் திருத்தப்பட்டு, ஒழுங்குமுறை அமைப்பின் ஏற்பைப் பெற்றாக வேண்டும்.

காகிதத்தில் வராத அறிவு ஒன்றும் உண்டு. ஒரு குறிப்பிட்ட கிணறு மழைக்காலத்தில் எப்படி நடந்துகொள்ளும், எந்த வால்வு இறுக்கமாகச் சுழலும், எந்த அளவுமானி எப்போதும் சற்றுக் கூடுதலாகக் காட்டும் என்பவை இருபது ஆண்டு அங்கே வேலை செய்தவரின் தலைக்குள் மட்டுமே இருக்கும். இணைப்பு அறிவிப்பு வந்ததும் முதலில் வேலையை விட்டுப் போகக்கூடியவரும் அவரே, ஏனென்றால் அவருக்குத்தான் வேறிடத்தில் எளிதாக வேலை கிடைக்கும். அவரிடம் முதல் வாரத்திலேயே பேசி, அவருடைய வேலை, ஓய்வூதியம், பணியிடம் என்னவாகும் என்று தெளிவாகச் சொல்வது மேடையின் பாதுகாப்புக்காகச் செய்யும் வேலைகளில் ஒன்று.

தப்தியில் உற்பத்தி நின்றது 2016-இல், அதாவது ஷெல் வந்த அதே ஆண்டில். வாயு கிடைக்கும் காலம் முடிந்து, அகற்றும் காலம் தொடங்கும் வேளையில் அந்த 30 சதவீதம் ஷெல்லிடம் வந்து சேர்ந்திருந்தது. அங்கிருந்த ஐந்து கிணற்று மேடைகளை ஷெல், ரிலையன்ஸ், ஓ.என்.ஜி.சி. ஆகிய மூன்று பங்காளிகளும் சேர்ந்து அகற்றி முடித்துவிட்டதாக 2025-இல் அறிவிக்கப்பட்டது. இந்தியக் கடலில் இவ்வகையில் செய்து முடிக்கப்பட்ட முதல் அகற்றும் பணி அதுதான். 1994-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் என்ரானின் பெயரில் தொடங்கிய பங்கின் கடைசி வேலையை, அந்த ஒப்பந்த மேசையில் அன்று இல்லாத ஒரு நிறுவனம் செய்து முடித்தது.